நான்கு பூட்டுக்கட்டைகள்

பிள்ளைகளே, கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்குகிற நான்கு மரக்கட்டைகளைப் பற்றி நீங்கள் மூவரும் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ சொல்லித் தட்டிக்கழித்தேன். சின்னவன் ஒரு நாள் அதில் ஒன்றை எடுத்துத் தரையில் வண்டி ஓட்டி விளையாடியபோது முதுகில் ஓர் அடி வைத்தேன். அடித்தது தப்பு. சொல்லாமல் இருந்தது அதைவிடத் தப்பு. நான் ஆரம்பப் பள்ளிக்கூட முடிவில் வைக்கிற செர்த்திபிக்கா பரீட்சை வரைக்கும் படித்தவன். அதையும் இரண்டாம் தடவை எழுதித்தான் தேறினேன். எழுத்தில் பிழை இருக்கும். விஷயத்தில் பிழை இருக்காது.

பெரியவளே, உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் வாரம், நீ பையைக்கூடக் கீழே வைக்காமல் என் எதிரில் வந்து நின்றாய்.

"நைனா, நீங்க பிளேனைக் கவுத்து ஒருத்தரைச் சாவடிச்சீங்களா?"

உன் அம்மா கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். "எவடி சொன்னா?"

"எங்க பிரெஞ்சு டீச்சரு வூட்ல ஏதோ புக்கு டைப் அடிக்கிறாங்களாம். அதுல போட்டிருக்குதாம். அவங்க பொண்ணு சொல்லுது. 'உங்க நைனா பேரு போடல, ஆனா உங்க நைனாதான்'னு. எல்லாரும் சிரிக்கிறாங்க."

அன்று உனக்கு நான் பதில் சொல்லவில்லை. 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வார்த்தை பாதி உண்மைதான். முழுசாகச் சொல்ல எனக்கு இத்தனை தாள் வேண்டியிருக்கிறது.

டீச்சர் வீட்டில் டைப் அடித்தது எங்கள் விமான அணியின் சரித்திரம். ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சுக்காரர் திருநாளில், கடற்கரையில் பழைய சிப்பாய்கள் மெடல் குத்திக்கொண்டு நடப்பார்களே, அன்றைக்கு அதைப் புத்தகமாகக் கொடுப்பதென்று முன்னாள் சிப்பாய்கள் சங்கத்தில் முடிவு செய்திருந்தார்கள். எழுதியவர் எங்கள் அஜுதான். அஜுதான் என்றால் சார்ஜண்டுக்கு மேலே ஒரு படி. அவரும் நம் ஊர்க்காரர்தான். பிரெஞ்சை வெள்ளைக்காரன் மாதிரியே பேசுவார். ஓடுதளத்தில் எந்த விமானம் எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்ப்பது அவர் வேலை. இறக்கைக்குக் கீழே கிரீஸ் பூசிக்கொண்டு கிடப்பது என் வேலை.

அவர் எழுதிய சரித்திரத்தில் எத்தனை மணி நேரம் பறந்தோம், எத்தனை டன் தூக்கினோம், அணிக்குத் தலைவராக எந்தெந்தக் கொமாந்தான் வந்தார், போனார் என்பதெல்லாம் இருந்தது. எனக்குத் தெரிந்த சரித்திரம் வேறு.

நான் கருவடிக்குப்பத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவன். என் நைனா பஞ்சாலையில் நூற்புக் கூடத்தில் நின்றார். என்னையும் அங்கேதான் நிறுத்தப் பார்த்தார். நான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, வியட்நாமில் இருக்கிற சைகோனுக்குக் கப்பல் ஏறினேன். அங்கே என்னைச் சேர்த்த அணிக்கு இரண்டு வேலை. ஒன்று சரக்குத் தூக்குவது: அரிசி மூட்டை, தபால், பாரசூட்டில் குதிக்கிற சிப்பாய்கள், காயம்பட்டவர்கள், ஒரு தடவை கூண்டு கூண்டாகக் கோழிகள். இரண்டாவது, புதுசாக வருகிற பையன்களுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. முதலில் எங்களிடம் இருந்தவை மூன்று எஞ்சின் வைத்த பழைய விமானங்கள். உடம்பெல்லாம் கூரைத் தகரம் மாதிரி நெளி நெளியாக இருக்கும். மழை பெய்தால் உள்ளே நிற்பவன் தாளம் போடலாம். பிறகு டக்கோட்டா வந்தது. இரண்டு எஞ்சின், தாழ்ந்த வால், நல்ல பிராணி மாதிரி சொன்னபடி கேட்கும்.

ஒரே அணிக்கு இரண்டு வேலை என்றால், ஒரே வீட்டில் இரண்டு மருமகள் மாதிரி. சரக்கு விமானங்கள் மூத்த மருமகள். நல்ல டயர், நல்ல ஆள், நல்ல ஏணி எல்லாம் அங்கே போகும். பயிற்சி விமானங்களுக்கு மிச்சம் மீதி. நான் பயிற்சிப் பக்கம். அந்தப் பக்கம் வேலை பார்த்த பாண்டிச்சேரிக்காரன் நான் ஒருவன்தான்.

இப்போது கட்டைகளுக்கு வருகிறேன். விமானம் சும்மா நிற்கும்போது காற்றடித்தால் இறக்கையிலும் வாலிலும் இருக்கிற அசையும் பலகைகள் படபடவென்று அடித்துக்கொண்டு கீல் ஒடிந்துபோகும். அதனால் ஒவ்வொரு பலகையையும் ஒரு மரக்கட்டையால் கவ்விப் பூட்டி வைப்போம். இறக்கையில் இரண்டு, வாலில் படுத்த பலகைக்கு இரண்டு, நின்ற சுக்கானுக்கு ஒன்று. மொத்தம் ஐந்து. தூரத்திலிருந்தே கண்ணில் படட்டும் என்று ஒவ்வொன்றிலும் முழ நீளச் சிவப்புத் துணி கட்டியிருக்கும். பறப்பதற்கு முன்னால் ஐந்தையும் கழற்ற வேண்டும். ஒன்று தங்கினாலும் விமானம் விமானியின் பேச்சைக் கேட்காது.

இதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. 'கை காட்டறது' என்போம். மெக்கானிக் ஐந்து கட்டைகளையும் கழற்றி எடுத்துக்கொண்டு விமானத்தின் மூக்குக்கு எதிரே, விமானி கண்ணில் படுகிற இடத்தில் போய் நிற்பான். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவான். விமானி எண்ணித் தலையாட்டுவார். அப்புறம் மெக்கானிக் கட்டைகளைக் கொண்டுபோய்க் கதவோரம் இருக்கிற பெட்டியில் போட்டுக் கதவை அடைத்துவிட்டு ஓரமாகப் போவான். கட்டைகள் விமானத்தோடு பறக்கும்; போய் இறங்குகிற இடத்தில் வேண்டுமல்லவா? ஐந்து இல்லையென்றால் மூக்குக்கு எதிரிலிருந்து விலகக் கூடாது. கொமாந்தானே கத்தினாலும் விலகக் கூடாது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மெக்கானிக் முதல் நாள் சொன்ன முதல் பாடம் இது.

பயிற்சிக்கு வந்தவர்களில் ஒரு பிரெஞ்சுப் பையன் இருந்தான். பையன் என்கிறேன், இருபத்திரண்டு வயசு. முகமெல்லாம் மச்சப்புள்ளி. மற்றவர்கள் என்னை விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவார்கள்; இவன் பக்கத்தில் வந்து கூப்பிடுவான். எங்கள் சமையல்காரர் கனகசெட்டிக்குளத்துக்காரர். அவரிடம் எலுமிச்சை ஊறுகாயைத் திருடித் தின்று கண்ணில் தண்ணீர் விடுவான், மறுநாளும் திருடுவான். நான் கட்டைகளைத் தூக்கிக் காட்டும்போது தமிழில் எண்ணுவதைக் கேட்டு அவனும் கற்றுக்கொண்டான். ஜன்னலிலிருந்து கையை விரித்து நீட்டி, "அஞ்சு?" என்று கத்துவான். "அஞ்சு!" என்று நான் கத்தினால்தான் அவனுக்குத் திருப்தி.

1954 பிறந்த பிறகு அந்த அணியில் யாருக்கும் தூக்கமில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கும் வியட்நாம்காரர்களுக்கும் நடந்த சண்டை மோசமாகிக்கொண்டிருந்தது. சரக்கு விமானங்கள் இறங்கினதும் ஏறும். பயிற்சியையும் நிறுத்தவில்லை, ஆள் போதவில்லையே, சீக்கிரம் விமானிகளைத் தயார் செய் என்று மேலேயிருந்து நெருக்கினார்கள். ஒரு நாள் காலையில் அஜுதான் எங்களை வரிசையாக நிறுத்தி, பிரெஞ்சில் ஒரு முறையும் எனக்காகத் தமிழில் ஒரு முறையும் சொன்னார்:

"இன்னயிலேர்ந்து டிரெய்னிங் பிளேனுக்குக் கை காட்டற வேல வேணாம். ஒரு நாளைக்கு ஏழு வாட்டி ஏறி எறங்குது. ஏழு வாட்டியும் சாமிக்குக் கற்பூரம் காட்டற மாதிரி நின்னுகினு இருந்தா வேலக்காவுமா? கட்டையக் கழட்டு, பெட்டியில போடு, போய்க்கினே இரு. ஓரத்துலேர்ந்து நான் அனுப்பறேன்."

நான் எதுவும் சொல்லவில்லை. இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவும் சொல்லவில்லை. என் பங்கு அதுதான். அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை.

நான்கைந்து நாள் போயிற்று. ஒரு காலை, கீழ்க் கட்டைகள் நான்கையும் கழற்றிவிட்டேன். சுக்கான் கட்டை உயரத்தில் இருக்கும். இரண்டு ஆள் நின்றாலும் எட்டாது. ஏணி வேண்டும். எங்கள் பக்கத்து ஒரே ஏணியைச் சரக்கு விமானத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள். ஏணி வருகிறது என்று அஜுதானிடம் சொல்லிவிட்டு, நான்கு கட்டைகளோடு வாலுக்குக் கீழே நின்றேன். எஞ்சின் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தது. இடது ஜன்னலிலிருந்து அந்தப் பையனின் கை வெளியே நீண்டது. ஐந்து விரல். கேட்கிறான். மூக்குக்கு எதிரே யாரும் இல்லை.

"நாலு!" என்று கத்தினேன். "நாலு! நாலுதான்!" இரண்டு எஞ்சின் இரைச்சலில் என் கத்தல் எனக்கே கேட்கவில்லை. ஓரத்திலிருந்து அஜுதான் கையை வீசினார். ஜன்னலில் இருந்த கை உள்ளே போயிற்று. கதவை வேறு யாரோ அடைத்தார்கள். விமானம் உருண்டது. நான் கட்டைகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடினேன். இறக்கை என்னைத் தாண்டிப் போய்விட்டது.

விமானி கிளம்புமுன் சுக்கானைக் காலால் மிதித்துப் பார்க்க வேண்டும். சொல்லிக்கொடுப்பவர் பக்கத்தில் இருந்தார். அவரும் பார்க்கவில்லை, பையனும் பார்க்கவில்லை. இதையும் மறைக்க மாட்டேன். பாதி ஓட்டத்தில் வால் எழும்பியதும் விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஓடுதளத்தை விட்டு இறங்கி, பள்ளத்தில் மூக்கைக் குத்தி எரிந்தது. சொல்லிக்கொடுத்தவரை இழுத்து எடுத்தார்கள், பிரான்சுக்கு அனுப்பினார்கள். பையனை எடுக்க முடியவில்லை.

விசாரணை வைத்தார்கள். என் பிரெஞ்சு பட்டறைப் பிரெஞ்சு. ஆணி, திருகு, எண்ணெய் என்று சொல்லத் தெரியும், நியாயம் பேசத் தெரியாது. அதனால் அஜுதானையே மொழிபெயர்க்க உட்கார வைத்தார்கள். கையில் தங்கிய நான்கு கட்டைகளைப் பற்றி நான் சொன்னதும் அவர் வாய் வழியாகத்தான் போக வேண்டும். கடைசியில் ஒரு தாளை என் முன்னால் தள்ளினார்கள். மெக்கானிக் ஐந்தும் எடுத்ததாகக் கை காட்டினான், அவனுடைய அலட்சியம் என்று அதில் இருந்தது. அவ்வளவு பிரெஞ்சு எனக்குத் தெரியும். நான் பேனாவை எடுத்துக் கீழே தமிழில் 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று எழுதினேன். கொமாந்தான் அதைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். அஜுதான் ஒரு நிமிஷம் அந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார், "அவன் பேரு. தமிழ்ல எழுதியிருக்கான்."

முப்பது நாள் காவல் அறையில் அடைப்பு. பிறகு என்னை விமானத்துப் பக்கமே விடாமல் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அந்த நவம்பரில் இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. அங்கே நான் போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். 1956இல் அணியைக் கலைத்துக் கப்பலில் ஏற்றினபோது என் பெட்டிக்குள் இரண்டு சட்டை, உன் அம்மாவுக்கு ஒரு பட்டுத்துணி, நான்கு பூட்டுக்கட்டைகள்.

இங்கே வந்து, என் நைனா நின்ற அதே பஞ்சாலையில் பிட்டராகச் சேர்ந்தேன். எந்திரத்தைப் பழுது பார்க்கும்போது அது ஓடாமலிருக்கச் செருகிய ஆணியை, வேலை முடிந்ததும் உருவித் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் ஓட்டச் சொல்வேன். மேஸ்திரி சிரிப்பார். "இன்னாய்யா, பூசாரியா நீ?" என்பார். சிரிக்கட்டும் என்று விட்டேன். என் பகுதியில் ஒருவன் விரல்கூடப் போனதில்லை.

இப்படி ஆறு வருஷம் போனது. அப்புறம்தான் நீ பையோடு வந்து நின்றாய்.

மறுநாளே நான் அந்த ஊறுகாய்ச் சமையல்காரரைத் தேடிப் போனேன். அவர் இப்போது பெரிய மார்க்கெட் பின்னால் டிபன் கடை வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் தோசைக்கல்லை விட்டுவிட்டு வந்தார்.

"தெரியும் மச்சான். ஞாயித்துக்கெழம பத்து மணிக்குச் சங்கத்துல அந்தப் புக்கைப் படிச்சுக் காட்டறாரு. யாராவது எதுனா சொல்லணும்னா அன்னிக்கிதான். திங்கக்கெழம அச்சுக்குப் போவுது."

"நீ வரியா?"

"இன்னா கேக்கற? நான் வராம உனக்கு யாரு விசில் அடிப்பா?"

ஞாயிற்றுக்கிழமை நான் கட்டைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். உன் அம்மா வாசலில் நின்று, "கோவத்துல எதுவும் பேசாதீங்க" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "பேசாமலும் வந்துடாதீங்க!" என்று கத்தினாள்.

சங்கத்தில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். பெரும்பாலும் தரைப்படைக்காரர்கள், விமானம் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. தலைவர் ஒரு பழைய கேப்டன், கப்பித்தேன் என்போம், எழுபது வயசுக்கு மேல். பீரங்கிச் சத்தத்தில் ஒரு காது போனவர். மற்றக் காதைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அஜுதான் வெள்ளைச் சட்டையும் டையுமாக நின்று படித்தார். பிரெஞ்சில் ஒரு பக்கம், தமிழில் அதன் சாரம். விபத்துக்கு வந்தார். "பயிற்சிப் பக்கத்துப் பாண்டிச்சேரி மெக்கானிக் ஒருவனுடைய அலட்சியத்தால்" என்று படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

நான் எழுந்தேன். "முசியே, அந்த வரிய இன்னொரு வாட்டி படிங்க."

"முழுசா முடியட்டும். அப்புறம் பேசலாம்."

"முடிஞ்சப்புறம் பேசித்தான் இவ்ளோ வருஷம் ஆயிடுச்சு. இப்பவே படிங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதோ பாரு. உன் பேரு எங்கயும் போடல. உனக்கு இன்னா கஷ்டம்?"

"பேரு போடாம விலாசம் போட்டிருக்கீங்க. டிரெய்னிங் பக்கத்துல பாண்டிச்சேரிக்காரன் எத்தினி பேரு?"

"ஒருத்தன்தான்!" பின்னாலிருந்து சமையல்காரர். "கருவடிக்குப்பம், மாரியம்மன் கோயில் பக்கத்துல. தபால்காரனுக்கே தெரியும்!"

சிரிப்பு எழுந்தது. கப்பித்தேன் மேசையைத் தட்டினார். அஜுதான் முகம் சிவந்துவிட்டது.

"இவன்கிட்ட எனக்கென்ன பேச்சு? விசாரணையில இவனே கையெழுத்துப் போட்டிருக்கான். அந்தத் தாளைப் பாத்துத்தான் நான் எழுதினேன்."

"நான் கையெழுத்துப் போடல. 'ஒத்துக்கொள்ளவில்லை'ன்னு எழுதினேன். அவங்க இன்னா இதுன்னு கேட்டாங்க. நீங்க இன்னா சொன்னீங்க?"

அவர் கையிலிருந்த தாள்களைத் தட்டி அடுக்கினார்.

"நான் சொல்லட்டுமா? 'அவன் பேரு'ன்னு சொன்னீங்க. எங்க நைனா எனக்கு அப்பிடி ஒரு பேரு வெக்கல முசியே."

நான் பையைக் கவிழ்த்தேன். நான்கு கட்டைகளும் மேசை மேல் சத்தத்தோடு விழுந்தன. சிவப்புத் துணி வெளுத்துப்போய்ச் செங்கல் நிறமாகிவிட்டிருந்தது. அவை என்ன, எதற்கு, பறக்கும்போது எங்கே இருக்க வேண்டும் என்று சமையல்காரரே எழுந்து எல்லோருக்கும் விளக்கினார். அவருக்கு அது தோசை சுடுவது மாதிரி. ஓடுதளத்துப் பக்கத்துச் சமையலறையில் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர்தானே.

கப்பித்தேன் ஒன்றைக் கையில் எடுத்தார். "அஞ்சாவது எங்கப்பா?"

"சுக்கானோட எரிஞ்சு போச்சு ஐயா. நான் அஞ்சும் எடுத்துக் கை காட்டியிருந்தா, இதெல்லாம் பிளேனுக்குள்ள பெட்டியில இருந்திருக்கும். பிளேனோட எரிஞ்சிருக்கும். என் கையில ஏது? ஏணிக்காக நின்னுகினு இருந்தேன். அதுக்குள்ள அனுப்பிட்டாங்க."

"இதெல்லாம் அப்புறமா எங்கனா எடுத்துக்கினு வந்திருப்பான்" என்றார் அஜுதான். குரலில் பழைய பலம் இல்லை.

"திருப்பிப் பாருங்க ஐயா. 27ன்னு நம்பர் இருக்கும். அது அந்த பிளேனோட நம்பரு. எழுதினது யாருன்னும் பாருங்க."

எங்கள் அணியில் கட்டைகளுக்கு நம்பர் எழுதுவது அஜுதான் வேலை. ஏழுக்கு நடுவில் எல்லாப் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு கோடு போடுவார்கள். இவர் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு புள்ளியும் வைப்பார். கப்பித்தேன் கட்டையைத் திருப்பினார். பிறகு அஜுதான் கையிலிருந்த தாள்களை வாங்கினார். அவற்றில் பக்க எண்ணை அவர் பேனாவால் எழுதியிருந்தார். ஏழாம் பக்கத்தை எடுத்துக் கட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். கோடும் புள்ளியும். பதினேழாம் பக்கத்தை வைத்தார். கோடும் புள்ளியும்.

அஜுதான் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துப் பேசினார்.

"மூணு நாளா நான் படுக்கல. போன் மேல போன். அஞ்சு நிமிஷம் லேட்டானா அங்கருந்து திட்டுவான். ஏணி வந்துடுச்சுன்னு நெனச்சுட்டேன். நான் இன்னா வேணும்னா பண்ணேன்?"

எனக்கு அந்த நேரம் அவர் மேல் கோபம் வரவில்லை. ஒரே ஓடுதளத்தில் ஒரே புழுதியைத் தின்றவர்கள் நாங்கள். "அதையே எழுதுங்க முசியே" என்றேன். "தூக்கமில்ல, ஏணி ஒண்ணுதான், கை காட்ட வேணாம்னு நீங்க சொன்னீங்க, நான் வாய மூடிக்கினு கேட்டுக்கினேன். என் பங்கையும் போடுங்க, பேரோட போடுங்க. நான் ஓடிப்போவல."

"எழுத முடியாது. எம்புள்ள பிரான்சுல பட்டாளத்துல இருக்கான்."

"எம்பொண்ணு இங்க பள்ளிக்கூடத்துல இருக்கு."

கப்பித்தேன் நடுவில் புகுந்தார். சங்கத்துக்கு அவமானம் வேண்டாம், இரண்டு பேருக்கும் மனஸ்தாபம் வேண்டாம், அந்தப் பக்கத்தையே எடுத்துவிடலாம் என்றார். விபத்தே இல்லை, விபத்து இல்லையென்றால் யார் தப்பும் இல்லை. எல்லோரும் மூச்சு விட்டார்கள். அருமையான யோசனை என்றார் ஒருவர்.

"வேணாங்க ஐயா" என்றேன். "அந்தப் பக்கத்துலதான் அந்தப் பையன் செத்தது இருக்குது. அத எடுத்துட்டா அவன் எங்க போவான்? அவன் நம்ம அணிக்கு வந்ததாவே இருக்காதே."

"உம்மேல பழி இல்லன்னு ஆயிடுச்சே, அப்புறம் இன்னாப்பா?"

"பழிய எடுக்கணும்னுதான் வந்தேன். செத்தவன எடுக்கணும்னு வரல."

கை தூக்கச் சொன்னார்கள். பக்கத்தை எடுக்கக் கூடாது என்று தூக்கியது இரண்டு பேர், நானும் சமையல்காரரும். அவர் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றுதான் செல்லும் என்றார்கள். வெளியே வரும்போது, "மச்சான், தோத்துட்டோமா ஜெயிச்சுட்டோமா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "அப்ப வா, தோச சாப்பிடலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் உன் அம்மா, "உங்க தல தப்பிச்சுது இல்ல? அது போதும்" என்றாள். போதாது என்றேன். அவள் என்னையே பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியும், உங்களுக்குப் போதாதுன்னு" என்று சொல்லிவிட்டு உலையில் அரிசி போடப் போனாள்.

பெரியவளே, அன்று மாலை உன்னிடம் நான்கே வரியில் சொன்னேன். மறுநாள் நீ அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? டீச்சரே மில் வாசலில் என்னை நிறுத்திச் சொன்னார்கள். "எங்க நைனா நாலுன்னு கத்தினாரு. உங்களுக்குக் காது கேக்கலன்னா அவரு இன்னா பண்ணுவாரு?" என்றாயாம். நீ யாரையும் அடிக்கவில்லை, அழவுமில்லை. அந்த வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது ஒரு வரியில் உங்களை எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால், எழுந்து நில்லுங்கள். உங்கள் பங்கை ஒத்துக்கொள்ளுங்கள். மற்றவன் பங்கைச் சுமக்காதீர்கள். உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னொருவனை அழித்தால் அதற்கும் தலையாட்டாதீர்கள்.

புத்தகம் வந்தது. பச்சை அட்டை. எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். இறந்தவர்கள் பட்டியலைப் பார்த்தேன். அந்தப் பையன் இல்லை. கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பதினாலாம் தேதி காலையில் நீங்கள் மூவரும் கடற்கரைக்குப் போய் வாத்தியம் கேட்டுவிட்டு வந்தீர்கள். "நீங்க ஏன் நடக்கல நைனா?" என்று சின்னவன் கேட்டான். கால் வலி என்றேன். அது பொய். மெடலைப் பெட்டியிலேயே வைத்திருந்தேன்.

மத்தியானம், சங்கத்துக்காரர்கள் எல்லோரும் விருந்துக்குப் போன பிறகு, நீங்கள் சாப்பிட்டுப் படுத்திருந்தபோது, ஆணியிலிருந்து கட்டைகளை எடுத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். போர் நினைவுச் சின்னத்தின் இரும்புக் கதவை அன்று பூட்டவில்லை. காலையில் வைத்த மலர்வளையங்கள் வெயிலில் சுருண்டு கிடந்தன. ஒரு காக்கை நாடாவை இழுத்துக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

சின்னத்துக்கு நேர் எதிரே, ஒரு விமானத்தின் மூக்குக்கு எவ்வளவு தள்ளி நிற்போமோ அவ்வளவு தள்ளி நின்றேன். முதல் கட்டையைத் தலைக்கு மேலே தூக்கினேன். ஒண்ணு. அதைக் காலடியில் வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கினேன். ரெண்டு. மூணு. நாலு. கடற்காற்றில் துணி படபடத்தது. பிறகு ஐந்தாவது கட்டை இருக்க வேண்டிய வெறுங்கையை விரித்து, ஐந்து விரலும் தெரியத் தூக்கிக் காட்டினேன். விமானி எண்ணிப் பார்க்க ஆகும் நேரம் வரை அப்படியே பிடித்திருந்தேன்.

நான்குதான் இருந்தது. அதனால் நான் விலகவில்லை.